கவாத்துக் குச்சிக்குத் தீ வைக்கும் முன்...

கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுவடைக்கு நிற்கும். அறுவடை இருக்கும் வரை கவாத்தும் இருக்கும். கூடலூர், சுருளிப்பட்டி பக்கம் பந்தலுக்கு வெளியே வெட்டிய கொடிக் குச்சிகள் குவிந்து கிடக்கும். ஆண்டிபட்டி பக்கம் முருங்கைக் கிளை, சின்னமனூர் பக்கம் தென்னை மட்டை, வேலியோரம் சீமைக் கருவேலம். காயவிட்டுக் கொளுத்திவிடுவதே பலரின் வழக்கம். ஆனால் எல்லாக் குச்சியும் ஒன்றல்ல.

முருங்கை பருத்தால் தூணாகுமா என்பார்கள். தூணுக்கு மட்டுமல்ல, அடுப்புக்கும் அது சுமார்தான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 ரகத்தை, அறுவடை முடிந்ததும் தரையிலிருந்து 90 செ.மீ. உயரத்தில் வெட்டி மறுதாம்பு விடுகிறோம். ஏக்கர் முழுக்கக் கிளை விழும். மெதுவான கட்டை என்பதால் சீக்கிரம் மட்கும். அடி, முக்கால் அடி நீளத்தில் நறுக்கி வரிசைகளுக்கு இடையே மூடாக்காகப் பரப்பலாம். மண்ணோடு கலந்து உழுதுவிடக் கூடாது. மட்காத மரத்தூள் மண்ணுக்குள் போனால், அதை மட்க வைக்கும் நுண்ணுயிர்கள் பயிருக்கான தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், இலை வெளுக்கும். கறையான் உள்ள செம்மண்ணில் மரத்தின் தூரிலிருந்து ஓர் அடி தள்ளியே மூடாக்கு இருக்கட்டும்.

தென்னையில் காய்ந்த ஓலைகளை மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர் ஆரத்துக்குப் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும். உரிமட்டை இருந்தால் மரத்திலிருந்து 1.5 மீட்டர் தள்ளி, 30 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழத்தில் வட்டக் குழி எடுத்து, குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி மரத்துக்கு 100 மட்டை புதைக்கலாம். ஆனால் பட்டுப்போன தென்னங்கட்டையைத் தோப்பில் கிடக்கவிடாதீர்கள். காண்டாமிருக வண்டு முட்டையிடுவது அங்கேதான்.

திராட்சைக் குச்சியின் கதை வேறு. அடிச்சாம்பல் நோயும் பறவைக்கண் நோயும் கண்ட கொடியின் கழிவைப் பந்தலுக்கு அடியில் மூடாக்காகப் போட்டால், அடுத்த மழைக்கு நோயை நாமே விதைத்த மாதிரி. அதை வெளியே எடுக்கத்தான் வேண்டும். அப்படி எடுத்ததைச் சாம்பலாக்காமல் கரியாக்கலாம்.

ஒரு மீட்டர் ஆழத்தில், வாய் அகன்று அடி குறுகிய குழி போதும். நன்கு காய்ந்த குச்சியை அடியில் பற்றவைத்து, மேல் குச்சியில் வெள்ளைச் சாம்பல் படியத் தொடங்கும்போது அடுத்த அடுக்கைப் போட வேண்டும். மேலே எரியும் தீயே காற்றைத் தின்றுவிடுவதால் கீழுள்ளது கரியாக நின்றுவிடும். குழி நிரம்பியதும் தாராளமாகத் தண்ணீர் ஊற்றி அணைக்க வேண்டும். அரைகுறையாக அணைத்தால் காலையில் சாம்பல்தான் மிஞ்சும். காய்ந்த எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கரி கிடைக்கும். சீமைக் கருவேலங் கட்டைக்கும் இதுவே நல்ல வழி. அதன் காய் ஒட்டிய கிளைகளை எருக்குழியில் போட்டால் தோட்டமெல்லாம் முளைக்கும்.

வெறும் கரியை அப்படியே வயலில் போடாதீர்கள். அது முதலில் மண்ணின் சத்தைத்தான் உறிஞ்சும். தூளாக்கி, தொழுவுரமும் மாட்டுக் கோமியமும் கலந்து இரண்டு வாரம் ஊறவிட்டுப் பிறகு இடுங்கள். கரி காரத்தன்மை உடையது. மண் பரிசோதனையில் கார அமில நிலை 8-ஐத் தாண்டிய நிலத்துக்கு இது வேண்டாம். புளிப்பு மண்ணுக்குப் பொருந்தும்.

மாசி, பங்குனியில் மலையடிவாரத் தோட்டக்காரர்கள் குழிக்கரி உட்பட எந்தத் தீயையும் தள்ளிப்போடுவது நல்லது. 2018 மார்ச் 11-ல் குரங்கணியில் மலையேற வந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்ததை மாவட்டம் மறந்திருக்காது. காய்ந்த புல்லுக்கு ஒரு பொறி போதும். மற்ற மாதங்களிலும் குழியைச் சுற்றிச் சருகைக் கூட்டி, தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காற்று இறங்கிய நேரத்தில் தொடங்குங்கள்.

கரியாக்கவும் மூடாக்கவும் போக மிஞ்சும் முள்ளை, ஆடு கடிக்காமல் இளங்கன்றுகளைச் சுற்றி அடைக்கலாம். கிளைரிசிடியா, கிளுவைப் போத்துகளை எறிய வேண்டியதே இல்லை. கட்டைவிரலை விடச் சற்றுத் தடித்த போத்தாக ஒரு மீட்டர் நீளத்தில் வெட்டி, ஐப்பசி மழை ஈரத்தில் வேலியோரம் நட்டால் துளிர்க்கும். கிளைரிசிடியா வேர் பிடித்து நன்கு வளர்ந்த பின் வெட்டும் ஒவ்வொரு தழையும் தென்னைக்குப் பசுந்தாள் உரம். மட்டையையும் கிளையையும் நறுக்க ஆள் கிடைக்காதவர்கள், தூளாக்கும் இயந்திரம் வாடகைக்கு உண்டா, வாங்கினால் மானியம் உண்டா என்று வட்டார வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் ஓட்டினால் செலவு கட்டுப்படியாகும்.