தானுந்து உருகி

தானுந்து உருகி என்பது கார்களின் மின்சுற்றில் அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது, தான் உருகி அறுந்து அச்சுற்றைத் துண்டிக்கும் சிறிய பாதுகாப்புக் கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபியூஸ் எனப்படுகிறது.

பணி

விளக்கு, வானொலி போன்ற கருவிகளைக் காப்பதற்காகவே உருகி உள்ளது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அது முதன்மையாகக் காப்பது மின்கம்பியை. தானுந்தின் 12 வோல்ட் மின்கலம் தொட்டால் அதிர்ச்சி தராது. ஆகவே அது தீங்கற்றது எனத் தோன்றும். ஆனால் காப்புறை தேய்ந்த கம்பி ஒன்று வண்டியின் உலோக உடலைத் தொட்டுக் குறுக்குச் சுற்று ஏற்பட்டால், அதே மின்கலம் சில நூறு ஆம்பியர் மின்னோட்டத்தைச் செலுத்தக்கூடும். மெல்லிய கம்பி சில நொடிகளில் பழுக்கக் காய்ந்து, காப்புறை தீப்பற்றும். கம்பிகள் பெரும்பாலும் விரிப்புகளுக்கு அடியிலும் முகப்புப் பலகைக்குப் பின்னாலும் செல்வதால், புகை வரும்வரை இது வெளியே தெரிவதில்லை.

எனவே உருகியின் அளவு, சுற்றின் வழக்கமான மின்னோட்டத்தைவிடச் சற்று அதிகமாகவும் கம்பி தாங்கும் அளவைவிடக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். 55 வாட் முகப்பு விளக்கு ஒன்று 12 வோல்ட்டில் ஏறத்தாழ 4.6 ஆம்பியர் எடுக்கும், இரண்டுக்கும் 9.2 ஆம்பியர். ஒரே சுற்றில் இரண்டும் இருந்தால் 10 ஆம்பியர் உருகி போதிய இடைவெளி தராது, 15 ஆம்பியர் பொருந்தும். பல தானுந்துகளில் இடது, வலது விளக்குகளுக்குத் தனித்தனி உருகிகள் உண்டு. இரவில் ஓடும்போது ஒன்று அறுந்தாலும் மற்றது எரியவேண்டும் என்பதே காரணம்.

உருகி உடனே அறுவதில்லை. குறித்த அளவைவிட 10 விழுக்காடு மிகுந்த மின்னோட்டத்தை அது பல மணிநேரம் தாங்கும். இருமடங்கானால் சில நொடிகளில் அறும்.

வகைகளும் நிறங்களும்

முன்பு அமெரிக்க, பிரித்தானிய வண்டிகளில் கண்ணாடிக் குழாய் உருகிகளும், ஐரோப்பிய வண்டிகளில் பீங்கான் உருகிகளும் பயன்பட்டன. 1970களில் அறிமுகமான தட்டை உருகி இரண்டு உலோகத் தகட்டுக் கால்களையும் நிறமுள்ள நெகிழி உடலையும் கொண்டது. இன்று பரவலாக உள்ளது இதுவே. இதன் 5 ஆம்பியர் வகை வெளிர் பழுப்பு, 7.5 பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 25 நிறமற்றது, 30 பச்சை. பெரிய அளவுத் தட்டை உருகிகளில் நிறங்களின் பொருள் வேறு. எடுத்துக்காட்டாக, அங்கு சிவப்பு 50 ஆம்பியரைக் குறிக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாமல் தலையில் பொறித்த எண்ணைப் படிப்பதே நன்று.

இருப்பிடம்

பெரும்பாலான தானுந்துகளில் இரண்டு உருகிப் பெட்டிகள் உள்ளன. ஒன்று முகப்புப் பலகையின் கீழோ பக்கவாட்டிலோ இருக்கும்; மற்றது எஞ்சின் அறையில் மின்கலத்தின் அருகே இருக்கும். எந்த உருகி எந்தச் சுற்றுக்கு உரியது என்னும் படம் மூடியின் உட்புறத்திலோ கையேட்டிலோ காணப்படும். மூடி தொலைந்த பழைய வண்டிகளில் கையேடே துணை.

மாற்றுதல்

முதலில் எஞ்சினையும் பழுதான கருவியையும் நிறுத்திச் சாவியை எடுத்துவிட வேண்டும். பெட்டியில் உள்ள நெகிழி இடுக்கியால் உருகியை நேராக மேலே இழுக்கலாம். ஒளியில் பிடித்துப் பார்த்தால் உள்ளே உள்ள வளைந்த உலோக இழை அறுந்திருப்பது தெரியும். சில வேளைகளில் மயிரிழை அளவு வெடிப்பு கண்ணுக்குப் புலப்படாது. அப்போது சோதனை விளக்கு உதவும். அதன் ஒரு முனையை வண்டியின் உலோக உடலில் இணைத்து, சுற்றுக்கு மின்சாரம் வரும் நிலையில், உருகியின் தலையில் உள்ள இரு உலோகப் புள்ளிகளையும் மறுமுனையால் தொட வேண்டும். ஒரு புள்ளியில் மட்டும் விளக்கு எரிந்தால் உருகி அறுந்துள்ளது.

புதியது அதே அளவும் அதே ஆம்பியரும் உடையதாக இருத்தல் வேண்டும். வழியில் மாற்று கிடைக்காவிடில், வானொலி போன்ற இன்றியமையாததல்லாத சுற்றிலிருந்து அதே ஆம்பியர் உருகியை எடுத்துத் தற்காலிகமாகப் பயன்படுத்தலாம். காற்றுப்பையின் உருகியைத் தொடாதிருப்பது நலம்.

புதிய உருகியும் உடனே அறுந்தால் குறை உருகியில் இல்லை, சுற்றில் உள்ளது. மின்வசதித் துளைக்குள் விழுந்த நாணயம் போன்ற எளிய காரணமாகவும் அது இருக்கலாம். இந்நிலையில் 10 ஆம்பியர் இடத்தில் 30 ஆம்பியர் உருகியைச் செருகுவதும், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றிவிடுவதும் சிலரது வழக்கம். கருவி மீண்டும் இயங்கக்கூடும். ஆனால் அச்சுற்றில் இனி முதலில் உருகப்போவது கம்பியே.

பழைய பிரித்தானிய வண்டிகளில் தெரியாமலே இத்தவறு நேர்வதுண்டு. அவற்றின் லூக்காஸ் கண்ணாடி உருகியில் 35 ஆம்பியர் என்று குறித்திருப்பது அறும் அளவை. தொடர்ந்து தாங்கும் அளவு ஏறத்தாழ 17 ஆம்பியரே. தொடர் அளவைக் குறிக்கும் அமெரிக்க 35 ஆம்பியர் உருகியை அங்கே பொருத்தினால் கம்பிக்குப் பாதுகாப்பு இல்லாமற் போகிறது.

மின் தானுந்துகள்

மின் தானுந்துகளிலும் விளக்கு முதலியவற்றுக்குத் தாழ் மின்னழுத்த உருகிகள் உள்ளன. ஆயின் இயக்கு மின்கல அடுக்கு பொதுவாக 300 வோல்ட்டுக்கு மேற்பட்டது. அதன் கம்பிகள் செம்மஞ்சள் நிறக் காப்புறை கொண்டவை. அச்சுற்றின் உருகிகளை மாற்றுவது பயிற்சி பெற்றோர்க்கு மட்டுமே உரிய பணியாகும்.