சைக்கிள் ஓட்டியவர் சைக்கிள் வரையும்போது

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே பெங்களூருவின் வடக்குச் சாலைகளில் சைக்கிள் விளக்குகள் வரிசைகட்டிப் போகும். பலருக்கு நந்தி மலைதான் இலக்கு. 1,478 மீட்டர் உயரமுள்ள அந்த மலையில் ஏறும்போது ஓட்டுபவரின் மூச்சும் தொடையும் சோதிக்கப்படுகின்றன. சைக்கிளின் குணம் தெரிவது இறங்கும்போதுதான். வளைவில் ஒரு வண்டி தானே கோடு பிடித்துப் போகிறது. இன்னொன்று வேகம் கூடக் கூட ஹேண்டிலில் நடுக்கம் காட்டுகிறது. பெரும்பாலானோர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்வார்கள். அந்த நடுக்கம் எங்கிருந்து வருகிறது என்று விடாமல் துருவுகிறவர்களில்தான் சைக்கிள் வடிவமைப்பாளர் ஒருவர் ஒளிந்திருக்கிறார்.

காரணங்களில் ஒன்றை ஒரு அளவுநாடாவால் தொட்டுவிடலாம். முன் ஃபோர்க் செங்குத்தாக நிற்பதில்லை, பின்பக்கம் சாய்ந்திருக்கும். பந்தய சைக்கிளில் தரையோடு சுமார் 73 டிகிரி. நம் ஊர் பழைய கறுப்பு சைக்கிளில் சாய்வு இன்னும் அதிகம். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குச் சற்று முன்னால் போய் முட்டும். இடையில் உள்ள அந்தத் தூரத்துக்கு ‘டிரெயில்’ என்று பெயர். பந்தய வண்டியில் 5, 6 சென்டிமீட்டர்தான். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியின் சக்கரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் சுழன்று பின்னால் வந்து நிற்கிறதே, அதே வேலையைத்தான் இதுவும் செய்கிறது. தூரம் கூடினால் வண்டி நேராகப் போகவே பார்க்கும். குறைந்தால் சட்டென்று திரும்பும், கொஞ்சம் பதறவும் செய்யும். ஃபோர்க்கின் சாய்வை ஒரே ஒரு டிகிரி மாற்றினாலும் பழகிய கை கண்டுபிடித்துவிடும்.

சைக்கிள் விழாமல் ஓடுவதற்கு டிரெயிலும், சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை எளிதில் விடாத கைரோ விளைவும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1970இல் டேவிட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் வேதியியலாளர் எதிர்த்திசையில் சுழலும் சக்கரம் ஒன்றைக் கூடுதலாக மாட்டி, கைரோ விளைவைச் சமன்செய்து ஓட்டிப் பார்த்தார். வண்டி நன்றாகவே ஓடியது. 2011இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் இரண்டு காரணங்களும் இல்லாத ஒரு வண்டியைச் செய்து தள்ளிவிட்டார்கள். ஆளில்லாமலே அது நிமிர்ந்து ஓடியது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதும் சேர்ந்துதான் நிலைத்தன்மையைத் தீர்மானிக்கிறது. ஒற்றைக் காரணம் என்று ஏதும் இல்லை. சமன்பாடுகள் இவ்வளவு பின்னிக்கிடக்கும் பொருளில், பல்லாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய உடம்பின் நினைவு பெரிய ஆய்வுக் கருவி என்றே நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீயை இதற்குச் சாட்சியாக அழைக்கலாம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் என்ற சாதனையைக் குறிவைத்து, தனக்கான வண்டியைத் தானே செய்தவர். வேகம் இரு மடங்கானால் காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். எனவே கைகளை மார்புக்கு அடியில் மடித்துக்கொண்டு குனியும்படி ஹேண்டிலை அமைத்தார். பெடல்கள் ஒன்றையொன்று நெருங்கியிருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அந்த ஒடுக்கத்துக்கு வாஷிங் மெஷினின் பேரிங்கைப் பயன்படுத்தினார். முழங்கால் இடிக்கும் என்பதால் மேல் பாரே இல்லை. 1993 ஜூலை 16 அன்று நார்வேயின் ஹாமரில், தொழில்முறையில் செய்த நகல் வண்டியில் முயன்று தோற்றார். மறுநாள் காலை, தன் கையால் செய்த பழைய வண்டியில் 51.596 கிலோமீட்டர் ஓட்டி, ஒன்பது ஆண்டுகள் நின்ற சாதனையை முறியடித்தார். ஆறே நாளில் கிறிஸ் போர்ட்மன் என்ற பந்தய வீரர் அதைத் தாண்டிவிட்டார் என்பது வேறு கதை.

பெங்களூருவில் இந்தத் தேடல் மூங்கிலைத் தொட்டது. வடிவமைப்பாளர் ஒருவர் இங்கே மூங்கில் சைக்கிள்களைக் கையால் உருவாக்கினார். புதுமை மோகம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1894இலேயே லண்டன் கண்காட்சியில் மூங்கில் சைக்கிள் வைக்கப்பட்டது. 1990களில் கலிஃபோர்னியாவின் கிரெய்க் கால்ஃபீ அதற்கு மறுவாழ்வு கொடுத்தார். மூங்கிலின் அடர்த்தி எஃகில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. நார்வாக்கில் அதன் விறைப்பும் கிட்டத்தட்ட அதே விகிதம். எடைக்கு எடை பார்த்தால் எஃகுக்கு இளைத்ததில்லை. நார்கள் வெளித்தோலை ஒட்டி நெருக்கமாக இருக்கின்றன. வளைவின் சுமை அதிகம் விழுவதும் அங்கேதான். கணுக்களுக்குள் இருக்கும் தடுப்பு, குழாய் நசுங்காமல் காக்கிறது. சாலையின் அதிர்வையும் மூங்கில் நன்றாக உள்வாங்கிக்கொள்ளும்.

சிக்கல் மூட்டில். மூங்கிலை வெல்டிங் செய்ய முடியாது. எபாக்சி பிசினில் ஊறிய சணல் நாரையோ கார்பன் இழையையோ இறுக்கிச் சுற்றி, காயவிட்டு, ராவி எடுக்க வேண்டும். அதற்கு முன், முற்றிய மூங்கிலாகத் தேர்ந்து வெட்டி, ஈரம் போக உலர்த்த வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். உள்ளே மாவுச்சத்து மிஞ்சினால் வண்டு துளைக்கும். தச்சரின் பொறுமையும் பொறியாளரின் கணக்கும் ஒரே ஆளிடம் கூட வேண்டிய வேலை இது.

இந்த ஆசையைத் தொழிலாக்கிக்கொள்ளப் படிப்பும் இருக்கிறது. இந்திய அறிவியல் கழகத்தில் எம்.டெஸ் என்ற வடிவமைப்பு முதுகலைப் பட்டம் உண்டு, அதில் சேர ஐ.ஐ.டி. பம்பாய் நடத்தும் சீட் (CEED) நுழைவுத் தேர்வில் கணக்கோடு கைவரைவும் பார்ப்பார்கள். தேசிய வடிவமைப்புக் கழகத்தின் வளாகமும் பெங்களூருவில் இருக்கிறது. பெரிய ஆலை வேண்டும் என்றால் சென்னைப் பக்கம் அம்பத்தூர் இருக்கிறது. முருகப்பா குழுமத்தின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949இல் தொடங்கிய மண் அது.

வரையப்பட வேண்டிய வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தோடு புதுக்கோட்டைப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு என்பதால் மட்டும் அவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை எடுக்கவில்லை. சீட்டிலிருந்து ஹேண்டில் வரை போகும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்பதும் ஒரு காரணம் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். அந்த பார்தான் ஃபிரேமை முக்கோணமாகப் பூட்டி முறுக்கத்தைத் தடுக்கிறது. அதை எடுத்துவிட்டால் ஏறுவது சுலபம். ஆனால் சுமையேற்றியதும் ஃபிரேம் நெளியும். சேலையோடு ஏறத் தோதாகத் தாழ்வாகவும், முன்னால் குழந்தையும் பின்னால் குடமும் இருக்கும்போது நெளியாமலும், கூலிவேலைக்குப் போகிறவர் வாங்கும் விலையிலும் ஒரு ஃபிரேம் எப்படி இருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் வரைபலகைக்குத் தகுந்த கேள்வி.