வலிக்காத காயமே ஆபத்தானது

மாணவர்களே, காலையில் சபைகூடலுக்கு வரிசையில் நிற்கிறீர்கள். காலணிக்குள் ஒரு சிறு கல் உறுத்துகிறது. என்ன செய்வீர்கள்? வாய்ப்பு கிடைத்ததும் காலணியைக் கழற்றி உதறிவிடுவீர்கள். உங்களைக் குனிய வைத்தது வலி. அந்த வலி வராமலேயே போனால் என்ன ஆகும்? கல் நாள் முழுவதும் அங்கேயே இருக்கும். மாலையில் தோல் கிழிந்து காலுறையில் இரத்தம் கசிந்திருக்கும். நீங்களோ ஒன்றும் தெரியாமல் வீட்டுக்கு நடந்து வருவீர்கள்.

நெடுநாளாக நீரிழிவு உள்ள பலருக்கு இதுதான் நடக்கிறது. நம் வீடுகளில் ‘இனிப்பு நீர்’ என்று சொல்லப்படும் இந்நோய், 2023-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு உள்ளது. அதாவது, ஏறக்குறைய ஆறில் ஒருவர். “இனிப்பு நீர் முற்றி, காலை எடுத்துவிட்டார்கள்” என்று உறவினர் யாரையாவது பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இரத்தத்தில் உள்ள சீனிக்கும் காலுக்கும் என்ன தொடர்பு?

இரத்தத்தில் குளுக்கோஸ் பல ஆண்டுகள் மிகுதியாக இருந்தால், நரம்புகளும் அவற்றுக்கு உணவும் உயிர்வளியும் கொண்டு செல்லும் நுண்ணிய இரத்த நாளங்களும் பழுதடைகின்றன. முதுகின் கீழ்ப்பகுதியிலிருந்து கால்விரல் நுனி வரை செல்லும் நரம்பு இழைகள் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் கொண்டவை. நீளமான இழைகளே முதலில் பாதிக்கப்படுகின்றன. அதனால்தான் மரத்துப்போகும் உணர்வு கால்விரல்களில் தொடங்கி மேலேறுகிறது. இது முதல் சிக்கல்.

இரண்டாவதாக, காலுக்குச் செல்லும் பெரிய இரத்த நாளங்களும் குறுகிவிடுகின்றன. புகை பிடிப்பவருக்கு இது இன்னும் மோசமாகும். இரத்த ஓட்டம் குறைந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும். மூன்றாவதாக, சீனி அதிகமாக இருக்கும்போது கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சரிவர வேலை செய்வதில்லை. இம்மூன்றும் சேர்ந்தால், ஒரு சிறு கொப்புளம்கூட எலும்பு வரை பரவும் புண்ணாகலாம். காலை எடுக்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

வலியின் அருமையை உலகுக்கு விளக்கியவர்களுள் ஒருவர் மருத்துவர் போல் பிராண்ட். ஆங்கிலேயரான இவர் 1914-இல் தமிழ்நாட்டின் கொல்லிமலையில் பிறந்தவர். 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்தார். அவர்களின் விரல்கள் தாமாகவே அழுகி விழுகின்றன என்றுதான் அப்போது பலரும் நம்பினர். உண்மை வேறு என்று பிராண்ட் கண்டார். நோய் நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாததால் சூடும் வெட்டும் அழுத்தமும் திரும்பத் திரும்பப் பட்டு விரல்கள் சிதைகின்றன. பின்னர் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்ற அவர், நீரிழிவு நோயாளிகளின் கால்புண்ணுக்கும் இதே காரணத்தைக் கண்டார். அப்படியென்றால், காயத்தைத் தவிர்த்தால் காலையும் காப்பாற்றலாம்.

உணர்வு குறைந்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கிளினிக்கில் ஒரு நைலான் இழையைப் பாதத்தில் வைத்து அழுத்துவார்கள். 10 கிராம் எடைக்குச் சமமான விசையில் அது வளைந்துவிடும். அந்தத் தொடுதல் தெரியாவிட்டால் பாதுகாப்பு உணர்வு போய்விட்டது என்று பொருள்.

இழை இல்லாமலேயே வீட்டில் செய்யக்கூடிய எளிய சோதனையும் உண்டு. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவமனையில் உருவானது இது. தாத்தாவையோ பாட்டியையோ கண்களை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியை உங்கள் சுட்டுவிரலால் மெல்லத் தொடுங்கள். ஓரிரு வினாடி போதும். அழுத்தவோ தட்டவோ கூடாது. தொடுவது தெரிந்ததும் வலமா இடமா என்று அவர் சொல்ல வேண்டும். ஆறு விரல்களில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லாம் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது கிளினிக்கில் பாதத்தைச் சோதிக்க வேண்டும்.

நரம்பு செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். தினமும் பாதத்தையும் விரல் இடுக்குகளையும் பாருங்கள். கண் மங்கிய பெரியவரால் தம் உள்ளங்காலைப் பார்க்க முடியாது, உங்களால் முடியும். கொப்புளம், வெடிப்பு, சிவப்பு, நிற மாற்றம் எது தெரிந்தாலும் அன்றே கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள். மஞ்சள் தடவிக் காத்திருக்க வேண்டாம்.

காலணி அணியும் முன் உள்ளே கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பார்க்க வேண்டும். கோவில் வளாகத்தில் நண்பகல் வெயிலில் காய்ந்த சிமெண்டுத் தரையில் வெறுங்காலுடன் நடப்பதும் ஆபத்து. காலையிலோ மாலையிலோ போகலாம்.

இவற்றுக்கெல்லாம் அடிப்படை, சீனியைக் கட்டுக்குள் வைப்பது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு உள்ள 1,441 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1993-இல் வெளியானது. சீனியை இயல்பு நிலைக்கு நெருக்கமாக வைத்திருந்தவர்களிடம் நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைவாக இருந்தது. ஆகவே, உடல் நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மாத்திரையையோ இன்சுலினையோ தாமாக நிறுத்தக் கூடாது.

இன்று மாலை வீட்டில், “பாட்டி, உங்கள் காலைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். இரண்டு நிமிடம்தான் ஆகும்.