வாசல்ல குவியுற செருப்பு: சின்ன வீட்டுல எங்கே வைக்கிறது?

இன்னைக்குப் பேசப்போறது ரொம்பச் சாதாரணமான விஷயம்: செருப்பு.

நாங்க இருக்கிறது சென்னையில, மூணாவது மாடியில ஒரு படுக்கையறை வீடு. நானும் கணவரும் ரெண்டு பிள்ளைகளும். ஒரு நாள் கதவுக்கு வெளியே எண்ணிப் பார்த்தா 17 ஜோடி! எண்ண வெச்சது எதிர்வீட்டுப் பாட்டி. கரண்ட் போன நேரத்துல எங்க ஷூ தடுக்கி, சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. நல்லவேளை, அடிபடலை. "பரவாயில்லம்மா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. எனக்குத்தான் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. அந்த நடை எங்க வீட்டைச் சேர்ந்தது இல்லை, எல்லாரும் நடக்கிற வழி. தீப்பிடிச்சா எல்லாரும் இறங்கி ஓட வேண்டியதும் அதே வழியிலதான்.

முதல்ல பிரிக்கணும்

எல்லாரும் முதல்ல ஸ்டாண்டு வாங்கத்தான் போவோம். அது வேண்டாம். எல்லாத்தையும் ஒரு பழைய பேப்பர்ல பரப்பி, மூணாப் பிரிங்க: தினமும் போடுறது, வாரத்துக்கு ஒருதரம் போடுறது, கல்யாணம் காட்சிக்கு மட்டும் எடுக்கிறது. எங்க வீட்டுல தினசரி 6, வாரத்துக்கு 5, எப்பவாவது 4. மிச்சம் 2 ஜோடி பிள்ளைகளுக்குச் சின்னதாப் போச்சு, தேவைப்பட்டவங்களுக்குக் கொடுத்துட்டோம். ஆக, கதவுப் பக்கத்துல இடம் தேவைப்பட்டது ஆறே ஆறு ஜோடிக்குத்தான்.

"நல்ல ஷூ, பத்திரமா இருக்கட்டும்"னு வருஷக்கணக்கா எடுத்து வைக்கிறவங்க கவனிங்க. பாலியூரித்தேன் அடிப்பாகம் இருக்கிற ஷூ, போடாம வெச்சிருந்தாலும் காத்துல இருக்கிற ஈரத்தால மெல்ல மெல்லச் சிதையும். ஒரு நாள் ஆசையா எடுத்துப் போட்டா, பாதி வழியில அடிப்பாகம் உதிர்ந்துடும். அதனால அப்பப்போ எடுத்துப் போட்டுடுங்க.

தக்காளிப் பெட்டி

காய்கறிக் கடையில தக்காளி வர்ற பிளாஸ்டிக் பெட்டி தெரியும்ல? எங்களுக்குக் கிடைச்ச பழைய பெட்டி ஏறக்குறைய 54 செ.மீ. நீளம், 36 செ.மீ. அகலம், 29 செ.மீ. உயரம். அதை நல்லாக் கழுவிக் காயவெச்சு, வாய் முன்பக்கம் பார்க்கிற மாதிரி பக்கவாட்டுல சாய்ச்சு வெச்சோம். பழைய ஒட்டடைக் கம்பு ஒண்ணை ரெண்டா வெட்டி, ரெண்டு பக்கமும் இருக்கிற ஓட்டைகள் வழியா நடுவுல செருகினோம். ரெண்டு கம்பு மேல ஷூ நிக்கும், கீழ இன்னொரு வரிசை. அவ்வளவுதான், ரெண்டு தட்டு அலமாரி தயார். சுத்தியும் ஓட்டை இருக்கிறதால காத்து போகும், நாத்தம் தங்காது.

இதுல இன்னொரு சின்ன விஷயம் இருக்கு. ஷூவோட முன்பக்கம் அகலம், குதிகால் பக்கம் குறுகல். ஒண்ணை முன்னாடி பார்த்தும் இன்னொண்ணைப் பின்னாடி பார்த்தும் வெச்சா, ஜோடிக்கு ரெண்டு மூணு செ.மீ. மிச்சமாகும். நேரா வெச்சப்போ தட்டுக்கு ரெண்டு ஜோடிதான் பிடிச்சது. இப்படி மாத்தினதும் மூணு. பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி, வீட்டுலயே பெரிய ஷூவை அளந்துக்கிட்டுப் போங்க.

கதவுக்குப் பின்னாடியும் கட்டிலுக்கு அடியிலும்

கிழிஞ்ச கெட்டிப் போர்வை இருந்தா, அடிப்பக்கத்தை ஒரு 25 செ.மீ. மேல மடிச்சு, 15 செ.மீ.க்கு ஒரு தையல் போடுங்க. ஒவ்வொரு பையும் ஒத்தைச் செருப்புக்கு. கதவுக்குப் பின்னாடி இருக்கிற கொக்கியில மாட்டிடலாம். ரப்பர் செருப்பு, பிள்ளைகள் செருப்பு மாதிரி லேசானது மட்டும் வையுங்க. கனமான ஷூ வெச்சா கொக்கி பிடுங்கிக்கிட்டு வந்துடும்.

வாரத்துக்கு ஒருதரம் போடுறதை உயரம் குறைவான அட்டைப்பெட்டியில அடுக்கி, கட்டிலுக்கு அடியில தள்ளிடுங்க. பெட்டிக்கு முன்னாடி ஒரு கயிறு கட்டினா, குனிஞ்சு துழாவ வேண்டாம், இழுத்துக்கலாம். எப்பவாவது போடுறதைப் பழைய தலையணை உறையில போட்டுப் பரண்ல வைக்கலாம். பாலிதீன் பை மட்டும் வேண்டாம். ஈரம் உள்ளேயே நின்னு தோல்ல பூஞ்சை பிடிக்கும்.

மழைக்காலத்துல

அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் இதுதான் பெரிய தலைவலி. நனைஞ்ச ஷூவை அப்படியே பெட்டிக்குள்ள வெச்சா, மத்ததும் சேர்ந்து நாறும். உள்ளே செய்தித்தாளைக் கசக்கித் திணிங்க. ரெண்டு மூணு மணி நேரத்துல அது ஈரத்தை இழுத்துடும், எடுத்துட்டு வேற தாள் வையுங்க. அப்புறம் ஃபேன் காத்துல விடுங்க. சுள்ளுனு அடிக்கிற வெயில்ல போட்டா தோல் வெடிக்கும், பசை விட்டுப்போகும். நாத்தம் இருந்தா, ரெண்டு ஸ்பூன் சமையல் சோடாவைத் துணியில முடிஞ்சு ராத்திரி உள்ளே வையுங்க.

இன்னொண்ணு. எங்கே வெச்சிருந்தாலும், போடுறதுக்கு முன்னாடி தலைகீழாத் தட்டிட்டுப் போடுங்க. மழை நேரத்துல பூரானும் தேளும் இருட்டான, காய்ஞ்ச இடம் தேடி வரும். தரைத்தள வீடுகள்ல இருக்கிறவங்க, பிள்ளைகளுக்கு இதைக் கண்டிப்பாப் பழக்கிடுங்க.

விருந்தாளிக்கும் இடம் வேணும்

கடைசியா, பெட்டியை நிரப்பிட்டு, கதவுக்கு உள்பக்கம் ஒரு சாக்கை மடிச்சுப் போட்டு, அதைக் காலியா விட்டு வையுங்க. நாலு பேர் வந்தா அவங்க செருப்பு எங்கே போகும்? இடம் இல்லேன்னா, மறுபடியும் நடைக்குத்தானே போகும்.

எங்க வீட்டுல ஒரு விதி வெச்சிருக்கோம். பெட்டி நிறைஞ்சிருக்கும்போது புதுசு ஒண்ணு வந்தா, பழசு ஒண்ணு போகணும். பிள்ளைகள் முணுமுணுத்தாங்க, இப்போ பழகிடுச்சு. எதிர்வீட்டுப் பாட்டி சாயங்காலம் நடையிலேயே பத்துத் தடவை நடக்குறாங்க, சுவத்தைப் பிடிக்காம.