என்ஜின் லைட் எரிகிறதா? பாகத்தை மாற்றும் முன் கோளாறு எண்ணைக் கேளுங்கள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்து சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரில் தென்பெண்ணை பெருகி, பாகூர் கொம்யூன் கிராமங்களுக்குள் புகுந்தது. வாசலில் நின்ற என் மாமாவின் பழைய காரும் நனைந்தது. வண்டி ஓடியது. ஆனால் மீட்டரில் மஞ்சள் என்ஜின் லைட் மட்டும் அணையவே இல்லை.

ஓர் ஒர்க்‌ஷாப்பில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். நான்கே நாளில் மறுபடி லைட். பில்லும் தரவில்லை. பிறகு வில்லியனூரில் ஒரு மெக்கானிக் ஸ்கேனர் மாட்டிப் பார்த்தார். பி0135 என்ற கோளாறு எண் (கோடு) வந்தது. சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்பதுதான் அதன் பொருள்; சென்சார் கெட்டுவிட்டது என்பதல்ல. ஃபியூஸைப் பார்த்தார், பிறகு வயரிங் கப்ளரைக் கழற்றிக் காட்டினார். பின்களில் பச்சைக் களிம்பு. சுத்தம் செய்து மாட்டியதும் தீர்ந்தது.

கோடு எந்தச் சுற்றில் கோளாறு என்று மட்டுமே சொல்லும், எந்தப் பாகம் என்று சொல்லாது. 2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் மாட்டும் இடம் இருக்கிறது. ஸ்கேனர் காட்டும் கோளாறு எண்ணை எழுதி வாங்குங்கள். காரணம் தேடாமல் அந்த எண்ணை மட்டும் அழித்தால் லைட் சில நாளில் திரும்ப வரும். லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டுங்கள்: எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், விலை உயர்ந்த கேட்டலிடிக் கன்வர்ட்டரையே உருக்கிவிடும்.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது சாவியைத் திருப்பியதும் இந்த லைட் எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லையென்றால், கோளாறை மறைக்க யாரோ அதைத் துண்டித்திருக்கலாம்.

பில் தராமல் இருப்பது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். மாமாவால் போக முடியவில்லை, கையில் எந்தத் தாளும் இல்லை. நீங்கள் பில்லையும் கழற்றிய பழைய பாகத்தையும் வாங்காமல் ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பாதீர்கள்.