ஆராய்ச்சிக்கு முன் ஒரு வகுப்பறை

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

என் பெரியப்பா மகள் நுண்ணுயிரியலில் எம்.எஸ்ஸி. முடித்து, வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறாள். தீபத்துக்கு ஊருக்கு வந்தவள், மாடவீதிக்குக்கூட வராமல் புத்தகமும் கையுமாக இருந்தாள். "ஆராய்ச்சி பண்ணப் போறேன்னுட்டு இன்னும் பரீட்சைக்குப் படிக்கிறியாடி?" என்று பாட்டி கேட்டாள். எனக்கும் அதே சந்தேகம்தான். அக்கா சொன்னதையும், பிறகு நான் படித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

பி.எச்டி. பட்டத்துக்கு ஆய்வேடு மட்டும் போதாது. முதலில் வகுப்பில் அமர்ந்து சில பாடங்களில் தேற வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழு 2009-ஆம் ஆண்டு விதிகளில் இதைக் கட்டாயமாக்கியது. 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி இப்பாடங்கள் குறைந்தது 12 கிரெடிட் இருக்க வேண்டும். கிரெடிட் என்பது பாடத்தின் எடை; 2 கிரெடிட் பாடமென்றால் 30 மணி நேர வகுப்பு. 55 விழுக்காடு பெறாதவர் ஆய்வைத் தொடர இயலாது. நமக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. அக்காவுக்கு அது போதாது!

பாடங்கள் கல்லூரிக்குக் கல்லூரி சற்று மாறும். ஆராய்ச்சி முறை, புள்ளியியல், தாம் ஆராயும் துறை ஆகியவை பொதுவாக இருக்கும். கணக்குக்குப் பயந்து உயிரியல் பக்கம் ஓட நினைத்த எனக்குப் புள்ளியியல் என்றதும் பகீரென்றது. ஒரு தட்டில் மருந்து கிருமியைக் கொன்றால் அது தற்செயலாக இருக்கலாம். பல தட்டுகளில் செய்து கணக்கிட்டால்தான் நம்பலாமாம். ஆய்வுக்கூடப் பாதுகாப்பும் உண்டு. வளர்த்த கிருமியை அப்படியே சாக்கடையில் கொட்டக்கூடாது. நம் குக்கரைப் போன்ற, ஆனால் பெரிய பாத்திரத்தில் 121 டிகிரி நீராவியில் அதைக் கொன்ற பிறகே வெளியேற்ற வேண்டும்.

எல்லோரும் கட்டாயம் படிக்க வேண்டியது ஆய்வு நெறிமுறை. பிறர் எழுதியதைத் தனதென்று காட்டாமை, முடிவுகளைத் திருத்தாமை எல்லாம் அதில் வரும். "நேர்மையை வகுப்பு வைத்தா சொல்லித்தர வேண்டும்?" என்று கேட்டேன். அக்கா டாக்டர் நிர்மலா செல்லப்பனின் கதையைச் சொன்னாள்.

அவர் பி.எச்டி. மாணவியல்லர், சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பு படித்தவர். 1985-இன் இறுதியில், பேராசிரியை சுனிதி சாலமன் சொன்னபடி, எய்ட்ஸ் கிருமி நம் நாட்டில் உண்டா என்று தேடினார். தொற்று அபாயம் மிகுந்த நிலையில் வாழ்ந்த பெண்களிடம் 80-க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளைச் சேகரித்து, வீட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார். அப்போது சென்னையில் இதற்கான பரிசோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியோடு கணவரும் அவரும் இரவு இரயிலில் காட்பாடி வந்திறங்கி, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் போனார்கள். ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான்! நாம் போய்வருகிற காட்பாடி நிலையத்தில் அந்தப் பெட்டி இறங்கியது என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் வியப்பாக இருக்கிறது.

கையுறைகூட இல்லாமல் இரத்தம் எடுத்ததாகவும், எதற்கான சோதனை என்று அப்பெண்களிடம் சொல்லவில்லை என்றும் பின்னாளில் அவரே கூறினார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய துணிவால்தான் நாடெங்கும் பரிசோதனைகள் தொடங்கின. ஆனால் அக்கா நாளை ஒருவரிடம் இரத்தம் எடுத்தால், எதற்கென்று விளக்கிச் சம்மதம் பெற வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வேண்டும். சம்மதம் கேட்கப்படாத அந்தப் பெண்களுள் ஒருத்தியாக என்னை எண்ணிப் பார்த்தபோதுதான் இந்தப் பாடம் எதற்கென்று விளங்கியது.

பெற்றோர்களுக்கு ஒரு செய்தி. பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக ஆறு ஆண்டுகள் வரை. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு ஆண்டு சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் உண்டு. இதைக் கேட்ட பிறகே பெரியப்பா முகம் தெளிந்தது.

அக்காவுக்குத் தைப்பொங்கல் கழிந்து பரீட்சை. பாட்டி தொலைபேசியில் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்பதில்லை, "கையுறை போட்டுக்கிறியா?" என்றுதான் கேட்கிறாள்.