காதை அரிக்க வைக்கும் தோடு
தங்க முலாமுக்குள் ஒளிந்திருக்கும் நிக்கல்

கல்யாண வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாக வாங்கிய கவரிங் தோட்டைப் போட்டுக்கொள்கிறாள் ஒரு பெண். அன்று ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கழித்துக் காது அரிக்கிறது. சிவந்து வீங்குகிறது. நீர் வடிகிறது.

"யார் கண் பட்டதோ!" என்கிறாள் பாட்டி. "இவளுக்குத் தங்கம்தான் ஒத்துக்கொள்ளும்" என்கிறாள் தாய்.

பாட்டி சொன்னது சரி அல்ல. தாய் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது.

குற்றவாளி யார்?

குற்றவாளி பெரும்பாலும் நிக்கல் என்னும் உலோகம்தான். வெள்ளி போல மின்னும். விலையும் குறைவு.

1751-ம் ஆண்டில் சுவீடன் நாட்டு விஞ்ஞானி கிரான்ஸ்டெட் இதைக் கண்டுபிடித்தார். ஜெர்மனி சுரங்கத் தொழிலாளர்களுக்கு இதன் தாது முன்பே தெரியும். பார்த்தால் செம்புத் தாது போல இருக்கும். உருக்கினால் செம்பு கிடைக்காது. "இது குட்டிச்சாத்தானின் வேலை" என்றார்கள். அந்தக் குட்டிச்சாத்தானின் பெயர்தான் நிக்கல்!

கவரிங் நகையின் உள்ளே செம்போ பித்தளையோ இருக்கும். மேலே மெல்லிய தங்க முலாம். பல நகைகளில் இரண்டுக்கும் நடுவே நிக்கல் பூச்சு இருக்கும். முலாம் தேய்ந்ததும் நிக்கல் தோலைத் தொடுகிறது. வியர்வை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. எல்லோருக்கும் அரிப்பு வருவதில்லை. சிலர் உடம்பு மட்டும் அதை எதிரியாக நினைத்துக்கொள்கிறது.

அப்படி ஒரு முறை நினைத்துவிட்டால், பெரும்பாலும் ஆயுள் முழுவதும் மறப்பதில்லை!

குழந்தைக்குக் காது குத்தும்போது...

காது குத்திய புண் ஆறுவதற்குள் நிக்கல் பட்டால் ஆபத்து அதிகம். அன்று போடும் மலிவான கம்மல், பிற்காலத்தில் அந்தக் குழந்தையை எவ்வளவோ தொல்லைப்படுத்தலாம். தங்கக் கம்பியால் காது குத்தும் வழக்கம் நல்ல வழக்கம்.

22 காரட் தங்கத்தில் ஆயிரத்துக்கு 916 பங்கு தங்கம். மீதி பெரும்பாலும் செம்பும் வெள்ளியும். ஹால்மார்க் முத்திரையில் 916 என்ற எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும்.

தாலியில் தொங்கும் ஊக்கு

பெண்கள் பலர் அவசரத்துக்கு உதவும் என்று தாலிச் சங்கிலியில் ஊக்கு மாட்டி வைப்பது வழக்கம். பல ஊக்குகளுக்கு நிக்கல் பூச்சு உண்டு. அது உரசும் இடத்தில் தோல் தடித்துக் கறுக்கும். பழி சங்கிலியின் மேல் விழும்!

ஆண்களும் தப்புவதில்லை. கடிகாரத்தின் அடிப்பக்கம், பெல்ட்டின் கொக்கி, ஜீன்ஸ் பொத்தான் ஆகியவற்றிலும் நிக்கல் இருக்கலாம்.

பெயரைக் கண்டு ஏமாற வேண்டாம்

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை அது. வெள்ளைத் தங்கத்திலும் சில வகைகளில் நிக்கல் கலப்பது உண்டு. கேட்டு வாங்குவது நல்லது.

ஐரோப்பிய நாடுகள், நகையிலிருந்து கசியும் நிக்கலுக்கு 1994-ல் சட்டம் போட்டு அளவு விதித்தன.

ஏழைக்கு என்ன வழி?

பிளாட்டினமும் டைட்டானியமும் தோலுக்கு நல்லவை. தங்கத்தோடு பார்த்தால் டைட்டானியம் விலை குறைவு. கைக்குக் கண்ணாடி வளையல் போதும். கழுத்துக்கு மஞ்சள் கயிறு இருக்கிறது. கவரிங் தோட்டுக்குக் காதுக்குள் போகும் தண்டையும் திருகாணியையும் மட்டும் தங்கத்தில் செய்துகொள்ளலாம். நகப்பூச்சு தடவுவது தற்காலிக உபாயம்தான். சில நாளில் உரிந்துவிடும்.

அரிப்பு வந்தால் முதலில் நகையைக் கழற்ற வேண்டும். கண்ட களிம்பைத் தடவாமல் தோல் டாக்டரிடம் போக வேண்டும். அவர் முதுகில் சிறு மருந்துப் பட்டை ஒட்டுவார். இரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்ப்பார். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும்.

காதுக்குத் தோடு அழகுதான். காது புண்ணாகிவிட்டால், தோடு எதற்கு?